லேசான பாட்டும் கனமான மூளைகளும்

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். புதிதாக வந்த ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. பேச்சு வழக்கம்போல் தொகுப்பை விட்டுவிட்டு, அங்கு இல்லாதவர்களைப் பற்றியதாக மாறியிருந்தது. அப்போது உள்ளறையிலிருந்து ஒரு ஆங்கிலப் பாட்டு கேட்டது. ஒன்பதாவது படிக்கும் நண்பரின் மகள் போட்டிருந்தாள். இளம்பெண்கள் சேர்ந்து பாடும் குரல்கள், கடற்கரை வெயிலை ஞாபகப்படுத்துகிற ஒரு தாளம், காதல். நண்பர் குரலை உயர்த்தி, “அந்தக் குப்பையை நிறுத்தும்மா, இங்கே பேசிக்கிட்டிருக்கோம்ல” என்றார். பாட்டு நின்றது. எங்களில் சங்கீத விஷயங்கள் கொஞ்சம் தெரிந்த இன்னொருவர், “குப்பை மட்டுமில்லை, திருட்டும்கூட. கறுப்பர்களிடமிருந்து எடுத்துச் சர்க்கரைப் பாகு ஊற்றி விற்றது” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பாட்டை அதற்குப் பிறகு பலமுறை கேட்டேன். அதன் பூர்வீகத்தையும் தேடிக் கேட்டேன். இரண்டு நண்பர்களும் அதை ஒருமுறைகூட முழுசாகக் கேட்காமல்தான் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியும். ஒருவருக்கு அது லேசாக இருந்தது, அது போதும். இன்னொருவருக்கு அதைப் பற்றி ஒரு சித்தாந்தம் தயாராக இருந்தது, அதுவும் போதும். பாட்டு யாருக்கும் தேவைப்படவில்லை.

பாட்டின் பெயர் ‘தி டைட் இஸ் ஹை’. ஓதம் ஏறியிருக்கிறது என்று சொல்லலாம். அன்று கேட்டது அட்டாமிக் கிட்டன் என்ற மூன்று பெண்கள் குழு பாடிய வடிவம். 2002இல் பிரிட்டிஷ் கோடையின் கடைசி நாட்களில் வெளிவந்து, அங்கே மூன்று வாரம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அந்தக் குழு தானாகக் கூடியதல்ல. 1998இல் லிவர்பூலில், தன் சொந்தக் குழுவின் புகழ் மங்கிவிட்ட ஆண்டி மக்ளஸ்கி என்ற பாடகர் இன்னொருவரோடு சேர்ந்து உண்டாக்கியது. ஆள் போய் ஆள் வந்தும் அது நடந்தது. ஆக, வியாபாரம் என்று நண்பர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வியாபாரம் என்ற சொல்லோடு விமர்சனம் முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

திருட்டுக் கட்சிக்கு முதலில் வருகிறேன். இவர்களுடைய படத்தில் ஒரு பக்கம் பரிசுத்தமான மூலம் இருக்கிறது. மறுபக்கம் அதைக் கெடுத்த நகல். மூலம் கலை, நகல் சரக்கு. அந்த மூலம் எங்கே எப்படிப் பிறந்தது என்று பார்க்கலாம். ஜான் ஹோல்ட் எழுதி, பாராகன்ஸ் என்ற மூவர் குழு 1967இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பாடியது. பதிவு செய்தவர் டியூக் ரீட். முன்னாள் போலீஸ்காரர், இடுப்பில் துப்பாக்கியோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் திரிந்தவர். கூடம் அவருடைய சாராயக் கடைக்கு மேல்மாடி. பாட்டுகள் எதற்காகச் செய்யப்பட்டன? பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி நடனம் நடத்தும் போட்டியில், எதிராளியின் கூட்டத்தை இழுப்பதற்காக. கூட்டம் வந்தால் பீர் விற்கும். பாடகர்கள் பலருக்கு அந்த நாட்களில் கிடைத்தது பதிவுக்கான ஒருமுறைக் கூலி. ஜமைக்காவுக்கென்று ஒரு காப்புரிமைச் சட்டம் 1993இல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை 1911ஆம் வருஷத்து பிரிட்டிஷ் சட்டம்தான். திருட்டு என்று பேச ஆரம்பித்தால், அதை 2002இல் லிவர்பூலில் ஆரம்பிக்க முடியாது. அந்த மாடிப்படியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

பரிசுத்தமும் அங்கே கிடையாது. மயாமியிலிருந்தும் நியூ ஆர்லியன்ஸிலிருந்தும் கடல் தாண்டி வந்த அமெரிக்க வானொலியைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அவர்கள். கர்ட்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரெஷன்ஸ் குழுவைப்போல் மூன்று குரல் சேர்த்துப் பாடவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்தப் பதிவில் ஒரு வயலின் கேட்கும். கிராமியத் தூய்மையைத் தேடிப் போகிறவரின் காதில் அது ஒரு முள்ளைப்போல் குத்தும். அது மட்டுமா? அதே ஜான் ஹோல்ட் 1973இல் ‘1000 வோல்ட்ஸ் ஆஃப் ஹோல்ட்’ என்று ஒரு தட்டு வெளியிட்டார். ஆங்கில, அமெரிக்க வெற்றிப் பாட்டுகளைத் தன் குரலில் பாடி, பிரிட்டிஷ் காதுக்கு இதமாக வயலின் கூட்டங்களைச் சேர்த்துச் செய்தது. சர்க்கரைப் பாகு ஊற்றியது யார்? நம் நண்பரின் ‘மூலவர்’தான். அவர் தன்னை மூலவர் என்று நினைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பணம் கொண்டு போகவேண்டிய பாடகர் என்றே நினைத்திருப்பார். அடிமை வரலாறு உள்ள ஒரு தீவின் கலைஞன் எப்போதும் கோபமாகவும், எப்போதும் அசலாகவும் இருக்கவேண்டும் என்று தூரத்திலிருந்து கேட்பது மரியாதை அல்ல. அது இன்னொரு வகையான எஜமானத்தனம்.

சரி, அந்த 1967ஆம் வருஷத்துப் பதிவில் என்னதான் இருக்கிறது? விஷயம் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒருத்தன் ஒருத்திக்காகக் காத்திருக்கிறான். போட்டிக்கு ஆட்கள் உண்டு. அவன் போவதாயில்லை. அவ்வளவுதான். தத்துவம் இல்லை, படிமம் என்று சொன்னால் அந்த ஒரு ஓதம். நம் கவிஞர்கள் இதை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் தாளத்தைக் கவனியுங்கள். நான்கு நான்காக எண்ணிக்கொண்டே கேளுங்கள். மேற்கத்திய நடனப் பாட்டு ஓங்கி அடிக்கிற முதல் எண்ணிக்கையின் அழுத்தம் இங்கே கழன்றுவிட்டிருக்கிறது. கிதார் எண்ணிக்கைகளுக்கு நடுவில் சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு மௌனமாகிவிடுகிறது. பேஸ் ஓடுவதில்லை, ரெண்டு அடி வைத்து, நின்று, யோசித்து, மறுபடியும் நடக்கிறது. இதற்கு முந்தின ஸ்கா இசையில் முன்னே நின்று அதட்டிக்கொண்டிருந்த ஊதுகருவிகள் இங்கே பின்னுக்குப் போய்விட்டன. அவை விட்ட இடத்தை யாரும் அவசரமாக நிரப்பவில்லை. ராக்ஸ்டெடி என்று இதற்குப் பெயர். இரண்டு வருஷம்போல இருந்துவிட்டு ரெகேயாக மாறிப்போன ஒரு வடிவம்.

காத்திருப்பைப் பற்றிய பாட்டில், தாளமே காத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் விழவேண்டிய அடி விழாமல், கேட்பவனின் உடம்பு அந்த இடைவெளிக்குள் சாய்கிறது. சொல்லில் இல்லாத பொறுமை ஒலியின் அமைப்பில் இருக்கிறது. உள்ளடக்கமும் வடிவமும் பிரிக்கமுடியாதவை என்று நாம் நாற்பது ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது உண்மையில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு சுத்தமான உதாரணம். சாராயக் கடை மாடியில் நடந்தது என்பதால் நாம் கவனிக்கவில்லை.

1980இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிளாண்டி குழு இதை எடுத்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். வெள்ளைக்காரர்கள், பணம், எல்லாம் உண்மை. ஆனால் டெபி ஹாரி பாடும்போது ஆண், பெண் என்ற சொற்கள் இடம் மாறுகின்றன: விட்டுக்கொடுக்காத ஆண் என்ற இடத்தில் விட்டுக்கொடுக்காத பெண். இந்த ஒரு மாற்றத்தில் பாட்டு திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. ஆண் காத்திருந்தால் அதற்கு விசுவாசம், வீரம் என்று பெயர்கள் தயாராக உண்டு. பெண் ஒருத்தி, தனக்கு வேண்டியவன் முன்னால் வரிசை நிற்பதையும் தெரிந்துகொண்டு, அவசரமில்லாமல், கெஞ்சாமல், கொஞ்சம் அலட்சியத்தோடு நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வதற்கு நம்மிடம் சொல் கிடையாது. ஹாரியின் குரல் உணர்ச்சிவசப்படுவதே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இடைவெளிகளை அவர் தொடவில்லை. நகல் என்பது கெடுப்பதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, வாசிப்பாகவும் இருக்கலாம். இது நமக்குத் தெரியாத விஷயமா?

இப்போது குப்பைக் கட்சி. லேசானதெல்லாம் குப்பை என்பவர்கள். இவர்களில் படித்தவர்கள் உடனே அடோர்னோவை எடுத்துக் காட்டுவார்கள். ஜனரஞ்சக இசை பற்றி அவர் 1941இல் எழுதிய கட்டுரை என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும்: எல்லாப் பாட்டும் ஒரே அச்சு, வித்தியாசம்போல் தெரிவது மேல்பூச்சு, கேட்பவன் எப்படி ரசிக்கவேண்டும் என்பதும் முன்கூட்டியே மென்று கொடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கப் பாட்டு யந்திரத்தைப் பற்றி இதில் பெரிய உண்மை இருக்கிறது. ஆனால் அடோர்னோவுக்கு அவருடைய முடிவு பீத்தோவனிடமிருந்து உழைத்துக் கிடைத்தது. நம்மவர்களுக்கு அது அடோர்னோவிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அவர் கண்டனம் செய்த அச்சு, அவரைப் படித்தவர்களின் வாக்கியங்களில்தான் இன்று ஒழுங்காக வேலை செய்கிறது.

எலியட்டை ஓதுகிறவர்கள் இன்னொன்றையும் படித்திருக்கலாம். ‘பாழ்நிலம்’ வெளியான அதே 1922இல், மேரி லாய்ட் என்ற கேளிக்கை மேடைப் பாடகி இறந்துபோனபோது எலியட் ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண ஜனங்கள் குடித்துக்கொண்டே பார்க்கிற மேடை அது. அவள் மரணம் முக்கியமானது என்று அவர் சொன்னார். பல்லவியில் சேர்ந்து பாடிய தொழிலாளி அந்தக் கலையின் ஒரு பகுதியை அவனே செய்தான் என்றார். நவீன கவிதையின் பெரிய தலைவருக்கு இதைச் சொல்வதில் கூச்சம் இருக்கவில்லை. அவரைத் தமிழில் மேற்கோள் காட்டுகிற நமக்குத்தான் கூச்சம்.

லேசு என்ற அபிப்பிராயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுப் பார்க்கவேண்டும். பெண்கள் குழு, ரெகே தாளம், காதல் என்ற சேர்க்கை பிரிட்டனில் 2002இல் யாரோ கண்டுபிடித்தது அல்ல. 1970களில் லண்டனின் கறுப்பர் குடியிருப்புகளில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பெண்பிள்ளைகள் பாடியது. லூயிசா மார்க் 1975இல் பாடியபோது பள்ளிக்கூட வயது. பிரவுன் சுகர் என்ற மூன்று பெண்கள் குழு 1977இல் பாடிய தட்டை வெளியிட்ட சின்ன நிறுவனத்தின் பெயர்தான் அந்த வகைக்கே பெயராயிற்று: லவர்ஸ் ராக். ஜேனட் கே பாடி, டென்னிஸ் போவெல் அமைத்த ‘சில்லி கேம்ஸ்’ 1979இல் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

இதே வருஷங்களில் ரூட்ஸ் ரெகே என்றால் தீவிரம், தீர்க்கதரிசனம், அரசியல். பாடியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். லவர்ஸ் ராக் என்றால் பெண்பிள்ளைகளின் இனிப்புச் சமாச்சாரம். பத்திரிகைகளில் பக்கம் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் அந்த இனிப்புப் பாட்டு எங்கே ஒலித்தது? கறுப்பு இளைஞனைச் சந்தேகத்தின்பேரிலேயே பிடித்துக்கொண்டு போக 1824ஆம் வருஷத்து நாடோடிச் சட்டத்தைப் போலீஸ் பயன்படுத்திய நகரத்தில். அந்தப் பிரிவு 1981இல்தான் நீக்கப்பட்டது. நடன விடுதிக் கதவுகள் திறக்காதபோது அவர்கள் வீட்டு முன்னறையிலிருந்து நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டு, ஒலிபெருக்கிகளை உள்ளே வைத்து ஆடினார்கள். அதுவும் ஆபத்தில்லாத இடம் இல்லை. 1981 ஜனவரியில் நியூ கிராஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்த வீடு தீப்பிடித்து 13 இளைஞர்கள் இறந்துபோனார்கள். இரண்டு பேர் நெருங்கி நின்று மெதுவாக ஆட ஒரு அறை, ஒரு பாட்டு. வெளியே இருக்கிற உலகம் தரமறுத்த மென்மையைத் தங்களுக்குள் கொடுத்துக்கொள்வது. இதை அரசியல் இல்லை என்று சொல்கிறவர் அரசியல் என்றால் கோஷம் என்று நினைப்பவர். அப்படி நினைப்பவர்களை இலக்கியத்தில் நாம் வருஷக்கணக்காகத் திட்டி வந்திருக்கிறோம். பாட்டு என்று வந்ததும் நாமே அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

ஸ்டீவ் மக்வீன் 2020இல் எடுத்த ‘லவர்ஸ் ராக்’ என்ற படத்தில் ஒரு இடம் வருகிறது. அப்படி ஒரு வீட்டு நடனம். ‘சில்லி கேம்ஸ்’ ஓடுகிறது. தட்டு முடிந்துவிடுகிறது. ஆனால் ஆடுகிறவர்கள் நிறுத்தவில்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல் அறை முழுவதும் அதைப் பாடிக்கொண்டே இருக்கிறது. தரையில் கால்கள் தேய்கிற சத்தம்தான் தாளம். எலியட் சொன்ன தொழிலாளி இங்கே இருக்கிறான். இந்தப் பாட்டு குப்பை என்று அந்த அறைக்குள் போய்ச் சொல்லட்டும் நம் நண்பர்.

அப்படியானால் அட்டாமிக் கிட்டனின் பாட்டு நல்ல பாட்டா? இல்லை. இதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் ஏன் இல்லை என்பதில்தான் விமர்சனம் என்று ஒன்று இருக்கிறது. அது லேசாக இருப்பதால் தோற்கவில்லை. லேசாக இருக்கப் பயந்து தோற்றது. தாளத்தின் இடைவெளிகளில் யந்திர டிரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குமேல், தயாரித்த பில் பேட்லியும் ஜெம் காட்ஃப்ரியும் பழைய பாட்டில் இல்லாத ஒரு புதுப் பகுதியை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் அதற்கு விளம்பரமும் உண்டு. அந்தப் பகுதியில் ராகம் மேலே ஏறி, உணர்ச்சி வந்துவிட்டது, நம்பிக்கை கிடைத்துவிட்டது என்று அறிவிக்கிறது. வந்துவிட்டதா? அப்படியானால் இத்தனை நேரம் எதற்குக் காத்திருந்தது? ஒரு பாட்டின் உயிர் முழுவதும் இன்னும் வராததில் இருந்தது. இவர்கள் அதை வரவழைத்துவிட்டார்கள். வாசகன் சலித்துவிடுவான் என்று பயந்து கடைசி வரியில் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற கவிதையை நமக்குத் தெரியும். அதே கோளாறுதான். கேட்பவனை நம்பாதது.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நாம் குப்பை என்று சொல்லும்போது நம் மனத்தில் வருவது பாடிய மூன்று பெண்களின் முகங்கள். கட்டிய, எழுதிய, இடைவெளியை நிரப்பிய ஆண்களின் பெயர்கள் அன்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அந்தப் பெண்கள் குரல்களை ஒன்றுசேர்த்துப் பாடியதில் ஒரு தோழமை கேட்கிறது. அது மட்டுமாவது அவர்களுடையது. இகழ்ச்சி பெண்களுக்கு, கைவேலை ஆண்களுக்கு என்ற பங்கீடு ஜனரஞ்சக இசைக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது. ஜனங்களுக்குப் பிடித்தால் சரி, எல்லாமே பிரதிதான், உயர்வு தாழ்வு பேச நீ யார் என்பவர்கள். இதைப் படித்துவிட்டு என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது கடைக்காரருக்கு வேண்டிய தகவல். 1967க்கும் 2002க்கும் இடையில் ஏதோ ஒன்று இழக்கப்பட்டிருக்கிறது என்று காதால் கேட்டுச் சொல்ல முடியும் என்பதுதான் என் வாதம். எல்லாம் ஒன்று என்பவரும் எல்லாம் குப்பை என்பவரும் ஒரு விஷயத்தில் கூட்டாளிகள்: இருவருக்கும் கேட்கவேண்டிய அவசியமில்லை.

எனக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரு வெளிநாட்டுப் பாட்டுக்காக இவ்வளவு தூரமா? பாட்டுக்காக அல்ல. அந்தப் பெண் பிறப்பதற்கு வெகுகாலம் முன் வந்த பாட்டு அது. அதைத் தேடிப் பிடித்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றால், அத்தனை பூச்சுக்கும் அடியில் மிச்சமிருந்த ஏதோ ஒன்று, கிங்ஸ்டனில் ஒருத்தன் காத்திருந்தது, அவள் காதில் விழுந்திருக்கவேண்டும். அங்கிருந்து ஒரு கதவு பின்னோக்கித் திறக்கிறது. பிளாண்டிக்கு, ஜேனட் கேக்கு, ஜான் ஹோல்டுக்கு. அந்தக் கதவைக் காட்டியிருக்கவேண்டிய வீட்டில், ஐந்தாறு இலக்கியவாதிகள் உட்கார்ந்து அதைச் சாத்தினோம். தனக்குப் பிடித்ததை ஒளித்துவைக்கவேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம். நாமும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம். ரசனையை ஒளித்துவைத்துப் பழகியவன் விமர்சகன் ஆவதில்லை. போலீஸ்காரன் ஆகிறான். டியூக் ரீட் அந்த வேலையை விட்டுவிட்டுப் பாட்டுப் பதிவு செய்யப் போனார். நாம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பாராகன்ஸ் பாட்டை அவளுக்குக் கேட்கக் கொடுக்கலாம் என்று எண்ணம். உள்ளறைக் கதவு மூடியிருந்தது. “இப்போதெல்லாம் அந்தச் சத்தமே இல்லை, பார்த்தீர்களா” என்றார் நண்பர், சந்தோஷமாக. நான் கதவைத் தட்டினேன். அவள் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கைக்குள் மறைத்துக்கொண்டே எழுந்து நின்றாள்.